சிறகு கட்டிய குர்துபா அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஒரு ஜும்ஆ பயானில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுகையில், ஸ்பெயின் தேசத்து அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் தம் எழுபதாம் வயதில் சிறகு கட்டிக்கொண்டு பத்து நிமிடங்கள் வானில் பறந்தார் என்று மிம்பரில் நின்று கூறினேன். தொழுகை முடிந்ததும், பொறியியல் படிக்கும் நம் மஹல்லா இளைஞர் ஒருவர் அருகில் வந்து, அந்தப் பத்து நிமிடக் கணக்கு எந்தக் கிதாபில் இருக்கிறது ஹஜ்ரத் என்று பணிவோடு கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எப்போதோ கையில் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரமே எனக்கிருந்த ஆதாரம். ஒரு ஹதீஸைச் சொல்ல முற்படுபவரிடம் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்கும் கல்வியை ஏழாண்டுகள் ஓதிவிட்டு, ஒரு மனிதரின் வாழ்க்கையை விசாரிக்காமல் சொன்னது என் பிழை. மிம்பரில் சொன்னதை ஊரே கேட்டது. ஆகவே திருத்தமும் ஊரார் அனைவரின் கைக்கும் சேர வேண்டும். ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு வீடுதோறும் செல்லும் இம்மலரில், என் கணக்கையும் நேர் செய்து விடுகிறேன்.

அன்னாரின் முழுப்பெயர் அபுல் காசிம் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இப்னு வர்தாஸ் என்பதாகும். ஸ்பெயினின் தென்பகுதியில், செங்குத்தான பாறைகளின் மீது அமைந்த ரோந்தா நகரையொட்டிய தாக்குருன்னா பகுதியில், சுமார் 810ஆம் ஆண்டில் பிறந்தார். அவரை அரபியர் என்று எழுதுவோர் பலர்; உண்மையில் அவர் பர்பர் குலத்தில் தோன்றியவர். உமைய்யா அரச குடும்பத்தைச் சார்ந்து வாழ்ந்த மவாலிகளில் ஒருவர். இளமையிலேயே தலைநகர் குர்துபாவுக்கு வந்து சேர்ந்தார். முதலாம் ஹகம், இரண்டாம் அப்துர் ரஹ்மான், முதலாம் முஹம்மத் என்ற மூன்று அமீர்களின் ஆட்சியைக் கண்டார். அரசவையில் அவருக்கு இடம் தந்தது விஞ்ஞானம் அன்று, கவிதை.

கவிதையிலும் அவர் செய்த காரியம் ஒன்று நம் மத்ரஸா மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். தமிழ் யாப்பில் தேமா, புளிமா என்று வாய்பாடு இருப்பது போல் அரபு யாப்பில் ஃபஊலுன், மஃபாஈலுன் என்ற வாய்பாடுகள் உண்டு. இதனை வகுத்தவர் பஸராவில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள். அவர்களின் நூல் கிழக்கிலிருந்து ஸ்பெயினுக்கு வந்தபோது அங்கே அதனைப் படித்துப் பொருள் கொள்வார் இல்லை. இப்னு ஃபிர்னாஸ் அதனை எடுத்துக்கொண்டு தனியே அமர்ந்து, அதன் முறையைத் தாமே கண்டறிந்து வெளியிட்டார். அந்நாட்டில் இந்த இல்மைத் திறந்து வைத்தவர் அவரே என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

இந்த வாய்பாடே பின்னர் அவருக்குச் சோதனையாக வந்தது. அவர் வீட்டில் எந்நேரமும் உலையும் புகையும் ஓசையுமாக இருந்ததால், அவர் சூனியக்காரர், மார்க்கத்தை விட்டுப் பிறழ்ந்தவர் என்று சிலர் பழி கூறினர். வழக்கு காழி சுலைமான் இப்னு அஸ்வத் அவர்களின் முன் வந்தது. அவர் வீட்டுக் கால்வாயில் இரத்தம் ஓடக் கண்டதாக ஒருவர் சாட்சி சொன்னார். அவர் மஃபாஈல், மஃபாஈல் என்று மந்திரம் ஓதக் கேட்டதாக மற்றொருவர் சொன்னார். யாப்பு வாய்பாட்டை மந்திரம் என்று எண்ணிய அந்தச் சாட்சியத்தை வைத்து ஒரு முஸ்லிமின் ஈமானையும் உயிரையும் பறித்திருக்க முடியும். அக்காலத்தில் அந்தக் குற்றத்திற்குரிய தண்டனை மரணம். ஆனால் காழி அவர்கள் விசாரித்து, சாட்சியத்தில் பொருள் எதுவும் இல்லை என்று கண்டு அவரை விடுவித்தார்கள். இப்னு ஃபிர்னாஸின் வரலாற்றை எழுதுவோர் சிறகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்தக் காழியின் பெயரைக் கூடச் சொல்வதில்லை. அவர் தீர விசாரித்திராவிட்டால் நமக்கு வரலாறாக எஞ்சியிருப்பது ஒரு மரண தண்டனை மட்டுமே.

அந்தப் புகையில் உண்மையில் என்ன விளைந்தது? கல்லை உருக்கிக் கண்ணாடி ஆக்கும் முறையை ஸ்பெயினில் முதலில் கண்டவர் அவர். தம் வீட்டு அறையொன்றில் வானத்தின் தோற்றத்தை அமைத்து, நட்சத்திரங்களும் மேகமும் மின்னலும் இடியும் காண்பவர்க்குத் தோன்றும்படி செய்தார். நாள்தோறும் ஐவேளை பாங்கு கேட்டு வாழும் நாம் அறிய வேண்டியது அவர் செய்த நேரங்காட்டி. பகலில் சூரியனும் இரவில் விண்மீன்களும் மேகத்தால் மறைந்து போனால் தொழுகை நேரத்தை அறிவது எப்படி என்ற கேள்விக்கு விடையாக ஒரு கருவியைச் செய்து, அதன் பயனைக் கூறும் கவிதையையும் பொறித்து, அமீர் முஹம்மத் அவர்களுக்கு அளித்தார். இன்று பள்ளியின் சுவரில் மின்கடிகாரம் ஒளிர்கிறது. அந்தக் கவலை நமக்கு இல்லை.

இனி சிறகு. அல்-முல்க் அத்தியாயத்தை இரவுதோறும் ஓதுபவர்கள், வானில் பறக்கும் பறவைகளைப் பார்க்கும்படி அதில் வரும் அழைப்பை அறிவார்கள். இப்னு ஃபிர்னாஸ் பறவைகளைப் பார்த்ததோடு நிற்கவில்லை. தம் உடலின் மீது இறகுகளைப் போர்த்தினார். இரு புறமும் நீண்ட சிறகுகளை அமைத்துக் கட்டிக்கொண்டார். உயரமான இடத்திலிருந்து காற்றில் இறங்கி, கணிசமான தூரம் சென்றார். இறங்கும்போது தரையில் பின்புறமாக மோதி முதுகில் காயம் பட்டது. உயிர் தப்பினார்.

இவ்வளவுதான் செய்தி. இதனை நமக்கு விரிவாகச் சொல்பவர் தில்மிஸான் நகரைச் சேர்ந்த அல்லாமா அல்-மக்கரீ (ரஹ்). அன்னார் 1632ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 1041) கெய்ரோவில் வஃபாத்தானார்கள். நிகழ்ச்சிக்கும் அந்த நூலுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் உள்ளன. அந்த நூலில் ஆண்டு இல்லை, வயது இல்லை, நிமிடக் கணக்கும் இல்லை. 875 என்ற ஆண்டும், எழுபது என்ற வயதும், பத்து நிமிடம் என்ற அளவும் பிற்காலத்தார் சேர்த்தவை. 852இல் அர்மென் ஃபிர்மான் என்ற ஒருவர் குர்துபாவில் அகன்ற அங்கியோடு குதித்தார் என்றும், அதைப் பார்த்தே இப்னு ஃபிர்னாஸுக்கு ஆசை பிறந்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. அரபு வரலாற்று நூல்களில் அப்படி ஒருவர் இல்லை. இப்னு ஃபிர்னாஸ் என்ற பெயரே ஐரோப்பியர் வாயில் சிதைந்து வேறொரு மனிதராகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

அப்படியானால் நிகழ்ச்சியே பொய்யோ என்று ஐயுற வேண்டியதில்லை. அதே அரசவையில் முஃமின் இப்னு ஸயீத் என்ற கவிஞர் இருந்தார். இவருக்கும் இப்னு ஃபிர்னாஸுக்கும் ஆகாது. வீட்டு வானத்தையும் பழித்துப் பாடினார், பறந்ததையும் கேலி செய்து பாடினார். கிழட்டுக் கழுகின் இறகைப் போர்த்திக்கொண்டு கற்பனைப் பறவையையும் மிஞ்சப் பார்த்தார் என்பது அந்தக் கேலியின் சாரம். நண்பர் புகழ்ந்து சொன்னால் மிகை இருக்கலாம். பகைவர் கேலி செய்கிறார் என்றால், கேலிக்கு ஆதாரமாக ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். அறிவிப்பாளர் கலையை ஓதிய எவருக்கும் இந்தச் சாட்சியத்தின் எடை விளங்கும்.

அல்-மக்கரீ அவர்கள் அவர் விழுந்ததற்குக் காரணமும் சொல்கிறார்கள். பறவை தரையிறங்குவது வாலின் அடிமுளையின் துணையால் என்பதை அவர் அறியவில்லை, தமக்கு வால் அமைக்கவில்லை என்பதே அக்காரணம். அந்த அடிமுளைக்கு அரபியில் ஸிமிக்கா என்று பெயர். அச்சொல்லுக்காக அகராதிகளைப் புரட்டியபோது மற்றொரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. ஸிஹாஹ் என்னும் பேரகராதியை இயற்றிய இமாம் ஜவ்ஹரி அவர்கள், ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் நைஸாபூர் நகரின் பள்ளிவாசல் கூரை மீது ஏறி, இரு மரப்பலகைகளைச் சிறகாகக் கட்டிக்கொண்டு குதித்து உயிர் நீத்தார்கள். சித்தம் கலங்கியிருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அரபுச் சொற்களை வரிசைப்படுத்தித் தந்த அந்த மேதையின் முடிவைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எய்ல்மர் என்ற கிறிஸ்தவத் துறவி, மடத்துக் கோபுரத்திலிருந்து சிறகோடு பாய்ந்து ஏறத்தாழ 200 மீட்டர் சென்று விழுந்து இரு கால்களையும் முறித்துக்கொண்டார். தாம் வால் வைக்க மறந்ததே காரணம் என்று அவரும் கூறியதாக அந்த மடத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் கூறுகிறார். குர்துபாவின் பாடம் அவர் காதுக்கு எட்டியிருக்க வழியில்லை.

வால் ஏன் இத்தனை முக்கியம் என்று அந்த இளைஞரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிறகு உடலைத் தூக்குகிறது. ஆனால் மூக்கு மேலே எழாமலும் கீழே கவிழாமலும் சமநிலையில் நிறுத்துவது வால். இறங்கும் தறுவாயில் பறவை வாலை விரித்துத் தாழ்த்தி, மார்பை நிமிர்த்தி, வேகத்தைக் கொன்று, பிறகே கால் ஊன்றுகிறது. வால் இல்லாதவனுக்கு வேகத்தைக் குறைக்கும் வழியும் இல்லை, உடலின் சாய்வைத் திருத்தும் வழியும் இல்லை. பள்ளியின் மினாராவில் புறா இறங்குவதை இத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறேன்; இதனைக் கவனித்தது இப்போதுதான்.

இன்று அமெரிக்கா முதலிய நாடுகளில் தனி மனிதர்கள் விமானத்தின் பாகங்களைப் பெட்டியில் வாங்கி, தம் வீட்டு வாகனக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் பூட்டிச் சிறு விமானம் செய்து பறக்கிறார்கள். வேன்ஸ் என்ற நிறுவனத்தின் ஆர்வி வகையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை இவ்வாறு கட்டப்பட்டுப் பறந்துள்ளன. அலுமினியத் தகடுகளில் துளையிட்டு ஆணி அறைந்து கட்டும் அந்த வேலையில், முதலில் வரும் பெட்டி வால் பகுதி, பிறகே சிறகு, அதன் பிறகே உடல். வாலைக் கட்டுவதில் கை பழகிய பின்னரே பெரிய பாகங்களைத் தொடுகிறார்கள். வேலையைக் கட்டம் கட்டமாக ஏட்டில் பதிய வேண்டும். பறக்கும் முன் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். முதலில் பல மணி நேரம் ஆளரவமற்ற பகுதியின் மேல் சோதனையாக ஓட்ட வேண்டும். அதன் பின்னும் ஆண்டுக்கு ஒரு முறை மூடிகளையெல்லாம் கழற்றி, திருகாணி, கம்பி, எரிபொருள் குழாய் ஒவ்வொன்றையும் சோதித்துக் கையொப்பமிட வேண்டும். இப்னு ஃபிர்னாஸுக்கு ஏடும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. சோதனைக்கு அவர் வைத்தது தம் உடலை.

அந்தக் காயத்திற்குப் பின் மீண்டும் பறக்க முயன்றதாகப் பழைய நூல்கள் எதுவும் கூறவில்லை. 887ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 274இல், அன்னார் வஃபாத்தானார். பக்தாத் விமான நிலையத்துக்குச் செல்லும் சாலையில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். சிலை வைப்பது நம் வழியன்று, செய்தியாகக் கூறுகிறேன். 1976இல் சந்திரனில் உள்ள பெரும் பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2011இல் குர்துபாவில், அவர் காலத்து மக்கள் வாதில் கபீர் என்று அழைத்த ஆற்றின் மீது, இரு சிறகுகள் விரிந்தாற்போல் அமைந்த பாலம் ஒன்று அவர் பெயரால் திறக்கப்பட்டது.

பத்து நிமிடம் என்று நான் மிம்பரில் சொன்னதை ஜமாஅத்தார்கள் தயவுசெய்து நீக்கிக்கொள்ளவும். மக்தப் பிள்ளைகளின் நோட்டுகளிலும் திருத்தச் சொல்லியிருக்கிறேன். அல்லாஹ் அந்த அறிஞரின் பிழைகளையும் நம் பிழைகளையும் மன்னித்து, அன்னாரின் மறுமை வாழ்வை ஒளியாக்குவானாக! ஆமீன்.

வல்லாஹு அஃலம். வஸ்ஸலாம்.