அறிவும் உணர்வும்

ஜான் ஸ்டுவர்ட் மில் 1806ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை ஜேம்ஸ் மில் ஓர் அறிஞர். அவர் தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தார். மில் 3 வயதில் கிரேக்க மொழியையும் 8 வயதில் இலத்தீன் மொழியையும் கற்கத் தொடங்கினார். ஆனால், ஒத்த வயதுப் பிள்ளைகளுடன் விளையாடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எதையும் ஆராய்ந்து பார்க்க அவர் மனம் பழகியது. உணர்வுகளுக்கு அங்கு இடமில்லாமல் போயிற்று.

சமுதாயத்தைச் சீர்திருத்துவதே மில்லின் குறிக்கோள். 1826ஆம் ஆண்டு, தம் 20ஆவது வயதில், அக்குறிக்கோள் முழுமையாக நிறைவேறினால் தாம் மகிழ்ச்சி அடைவோமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இல்லை என்றே உள்ளம் விடை கூறியது. அவர் மிகவும் மனம் சோர்ந்தார். அன்றாடப் பணிகளைச் செய்துவந்தாலும் எதிலும் அவருக்குப் பற்று ஏற்படவில்லை.

சில மாதங்களுக்குப் பின், பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொண்டெலின் வாழ்க்கை நினைவுகளைப் படித்தார். தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்தைத் தாங்க உறுதிகொள்ளும் பகுதியைப் படித்தபோது மில்லின் கண்கள் கலங்கின. தம் உள்ளம் இன்னும் வறண்டுவிடவில்லை என்பதை அவர் உணர்ந்தார். 1828ஆம் ஆண்டு படித்த வோர்ட்ஸ்வொர்த்தின் இயற்கைக் கவிதைகள் அவருக்கு மன அமைதியைத் தந்தன.

மில் ஆராயும் பழக்கத்தைக் கைவிடவில்லை. அதனுடன் கவிதையையும் கலைகளையும் போற்றக் கற்றுக்கொண்டார். பின்னாளில் நாடாளுமன்றத்தில் பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்தார். அறிவைப் போலவே உணர்வையும் வளர்க்க வேண்டும் என்பதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்தார். அந்நூல் அவர் மறைந்த 1873ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.