உடுவிலின் ஸ்போல்டிங் ஐயர்

வண. லீவை ஸ்போல்டிங் ஐயர் 1791ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஹம்சயரில் பிறந்தவர். 1819இல் மனைவி மேரியுடன் பொஸ்டனில் கப்பலேறி, 1820இல் யாழ்ப்பாணம் வந்தார்.

நம் கல்லூரிக்கு 1824இல் வித்திட்டவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். 1833இல் அவர் காலமானபோது, பெண்ணுக்குப் படிப்பு எதற்கென்று கேட்கும் வழக்கம் ஊரில் மாறியிருக்கவில்லை. தாயை இழந்த விடுதிப் பள்ளியை ஸ்போல்டிங் தம்பதியர் ஏற்று நடத்தினர். 1840இல் எலிசா அக்னியூ அம்மையார் வந்து தோள் கொடுத்தார். 1855இல் ஆண்களுக்கான வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவில் விடுதியோ நிலைத்தது.

ஐயர் போதகராகவும் வேத ஆசிரியராகவும் இருந்தவாறே தமிழுக்கும் உழைத்தார். வண. நைற் தொடங்கிய அகராதி வேலையை யாழ்ப்பாணப் பண்டிதர்களின் துணையோடு நிறைவேற்றி 1842இல் அச்சேற்றினார். அதுவே மானிப்பாய் அகராதி. தமிழ் வேதாகமத் திருத்தத்திலும் பங்கெடுத்தார். தமிழில் கீர்த்தனைகளும் இயற்றினார்.

யாழ்ப்பாணத்துக்கு 53 ஆண்டுகளைக் கொடுத்து, 1873இல், 81ஆம் வயதில், இம்மண்ணிலேயே கண்மூடினார். மேரி அம்மையாரும் அடுத்த ஆண்டு அவரைப் பின்தொடர்ந்தார்.

நூல்களுக்காக உலகம் ஐயரை நினைக்கட்டும். ஜெயபுரம் முதல் கடல் கடந்த நாடுகள் வரை வாழும் பழைய மாணவிகளாகிய நாம், 1833இல் மூடாமல் காத்த அந்தக் கதவுக்காக அவரை நன்றியுடன் நினைக்கிறோம்.