உருகாத ஜெல்லியும் ஃபேனி ஹெஸ்ஸும்

போன மே மாசம் ஒரகடம் பக்கம் இன்டர்ன்ஷிப். மூணு பேருக்கு ஒரு வாடகை ரூம், ஃபிரிட்ஜ் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெலட்டின் பவுடர் வாங்கி, ஃபிரெஷ் அன்னாசி ஜூஸ்ல கலந்து, ஐஸ் போட்ட பக்கெட்ல வச்சு ஜெல்லி செஞ்சோம். ராத்திரி வரைக்கும் அது ஜூஸாவே இருந்துச்சு. மாட்டு எலும்பு, தோல்ல இருந்து எடுக்குற ஜெலட்டின் ஒரு புரதம். பச்சை அன்னாசியில இருக்குற புரோமலைன்ங்கிற என்சைம் அந்தப் புரதத்தையே வெட்டிடும். அப்படியே உறைஞ்சிருந்தாலும், நம்ம ஊர் மே மாச ரூம் சூட்டுல திரும்ப உருகியிருக்கும்.

கீழக்கரை ரூம்மேட் சிரிச்சான். அடுத்த வாரம் ஊர்ல இருந்து வரும்போது ஒரு பாக்கெட் கடல்பாசி கொண்டுவந்தான். நோன்புக்கு அவங்க உம்மா செய்யறதுதானாம். நம்ம கடைகள்ல சைனா கிராஸ்னு கேட்டா இதைத்தான் கொடுப்பாங்க. தண்ணியில ஊறவச்சு, நல்லா கரையுற வரைக்கும் கொதிக்க வச்சு, அடுப்பை அணைச்சுட்டு அப்புறம்தான் ஜூஸை ஊத்தணும் (புளிப்பான ஜூஸோட சேர்த்தே கொதிக்க விட்டா சரியா கெட்டியாகாது). ஐஸே இல்லாம அரை மணி நேரத்துல உறைஞ்சிடுச்சு. அன்னாசியும் அதை ஒண்ணும் பண்ண முடியல, ஏன்னா கடல்பாசி புரதம் கிடையாது.

எங்களுக்கு வந்த அதே பிரச்சனை 1881-ல ஜெர்மனியில ஒரு டாக்டருக்கும் வந்துச்சு. அதைத் தீர்த்து வச்சது அவர் மனைவி ஃபேனி ஹெஸ்.

ஃபேனி 1850-ல அமெரிக்காவுல பிறந்தவங்க. அப்பா நெதர்லாந்துக்காரர், இறக்குமதி வியாபாரி. வசதியான வீடு, நிறைய பிள்ளைங்க, இவங்கதான் மூத்தவங்க. தம்பிகள்ல ஒருத்தர், லூயிஸ் ஐல்ஷீமியஸ், பின்னாடி பேர் தெரிஞ்ச ஓவியர் ஆனார். வரையற கை ஃபேனிக்கும் இருந்துச்சு. 1874-ல வால்தர் ஹெஸ்ங்கிற ஜெர்மன் டாக்டரைக் கல்யாணம் பண்ணி, சாக்சனி பக்கம் குடியேறினாங்க. மூணு பையன்கள். வால்தர் அரசு மருத்துவர். பக்கத்துல ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளிங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர்றதைப் பதிவு செஞ்சவர்கள்ல அவரும் ஒருத்தர். அதுவே தனிக் கட்டுரைக்கான விஷயம், இப்போ வேண்டாம்.

காத்துல எவ்வளவு கிருமி இருக்குன்னு அளக்கணும்ங்கிறதுதான் வால்தரோட ஆசை. அதுக்காக பெர்லின்ல ராபர்ட் காக் லேப்ல போய் வேலை கத்துக்கிட்டார். நீளமான கண்ணாடிக் குழாயோட உள்பக்கம் ஜெலட்டின் பூசி, அதுக்குள்ள காத்தை இழுத்தா, கிருமிங்க ஒட்டிக்கிட்டு புள்ளி புள்ளியா வளரும். எண்ணிடலாம். ஆனா வெயில் காலத்துல ஜெலட்டின் உருகி வழிஞ்சிடும், புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். சில கிருமிங்க ஜெலட்டினையே தின்னு கரைச்சிடும். நோய்க்கிருமிங்களுக்கு நம்ம உடம்புச் சூடு, அதாவது 37 டிகிரி வேணும். அந்தச் சூட்டுல ஜெலட்டின் நிக்கவே நிக்காது.

இந்த வேலையில ஃபேனி வெறும் பார்வையாளர் இல்ல. மருந்து கலக்கறது, பாத்திரம் தயார் பண்றது, மைக்ராஸ்கோப்ல தெரியறதை வரையறதுன்னு கூடவே இருந்தவங்க. சம்பளம் கிடையாது. வெறுத்துப்போன வால்தர் ஒரு நாள், நீ செய்யற ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் எப்படி வெயில்ல உருகாம நிக்குதுன்னு கேட்டிருக்கார். அகர்-அகர்னு பதில் வந்துச்சு. சின்ன வயசுல நியூயார்க்ல, ஜாவாவுல இருந்துட்டு வந்த ஒரு டச்சுக் குடும்பத்துக்கிட்ட இருந்து தெரிஞ்சுக்கிட்டது. ஜாவாக்காரங்க வெக்கை நாட்டுல காலம் காலமா சமைச்ச பொருள். நம்ம கடல்பாசியும் அதுதான்.

இது ஒரு எஞ்சினியரிங் மாணவனுக்கு ரொம்பப் பிடிக்கிற மெட்டீரியல். சுமார் 35–40 டிகிரியில உறையும், ஆனா திரும்ப உருகணும்னா 85 டிகிரி வேணும். அந்த இடைவெளிதான் விஷயமே. பெரும்பாலான கிருமிங்களால அதைத் தின்னவும் முடியாது. வால்தர் காக்குக்குத் தெரியப்படுத்தினார். 1882-ல காசநோய்க் கிருமியைப் பத்தி காக் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில அகர் பத்தி ஒரு சின்ன குறிப்பு வந்துச்சு. எங்கிருந்து வந்த யோசனைன்னு ஒரு வார்த்தை இல்ல. ஃபேனி பேரும் இல்ல, வால்தர் பேரும் இல்ல. 1887-ல காக்கோட உதவியாளர் பெட்ரி மூடி போட்ட தட்டை அறிமுகப்படுத்தினார், அவர் பேர் இன்னிக்கும் எல்லா லேப்லயும் இருக்கு. அந்தத் தட்டுக்குள்ள இருக்குறதுக்கு ஃபேனி பேர் வைக்கலாமேன்னு 1939-ல ரெண்டு அமெரிக்கர்கள் எழுதினாங்க. அது ஒட்டல.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் உறுத்திச்சு. எங்க மினி புராஜெக்ட்ல சென்சார் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆனப்போ, ஏன்னு கண்டுபிடிச்சது டீம்ல இருந்த பொண்ணு. பிரசன்டேஷன்ல அந்த ஸ்லைடை நான்தான் பேசினேன், நான் கண்டுபிடிச்ச மாதிரி. அவ ஒண்ணும் சொல்லல. நானும்தான்.

ஃபேனியும் இதைப் பத்தி வெளியில பேசினதாத் தெரியல. காப்புரிமை வாங்கல, காசு பாக்கல. புருஷனோட கட்டுரைகளுக்குத் தொடர்ந்து படம் வரைஞ்சு கொடுத்தாங்க. 1911-ல வால்தர் இறந்தார். அதுக்கப்புறம் 23 வருஷம் ஃபேனி டிரெஸ்டன்ல வாழ்ந்து, 1934-ல காலமானாங்க.

நம்ம பக்கம் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கடலோரத்துல பெண்கள் இன்னிக்கும் கையில துணி சுத்திக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு முங்கி, பாறையில இருந்து பாசி பறிக்கிறாங்க. மரிக்கொழுந்துப் பாசின்னு அவங்க சொல்றதுல இருந்து அகர் எடுக்குறாங்க. ரூம்மேட் அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ ரெண்டு பாக்கெட் சொல்லியிருக்கேன். ஒண்ணு அந்த டீம்மேட்டுக்கு. கொடுக்கும்போது அந்த ஸ்லைடைப் பத்திப் பேசணும்.