யார் இந்த ஸ்டான்லி? மேட்டூர் அணைக்கு இந்தப் பெயர் வந்தது எப்படி?

மேட்டூர் அணையின் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்டான்லி நீர்த்தேக்கம். வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கும் அதே பெயர்தான். இரண்டும் ஒரே மனிதரைத்தான் குறிக்கின்றன. யார் அவர்?

கனடா டு மெட்ராஸ்

ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி பிறந்தது 1872-ல், இங்கிலாந்தின் பெரிய பிரபுக் குடும்பம் ஒன்றில். அப்பா கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். ஐஸ் ஹாக்கியில் இன்றைக்கும் கொடுக்கப்படும் 'ஸ்டான்லி கோப்பை' அவர் தந்ததுதான். மகன் பீரங்கிப் படையில் சேர்ந்தார், போயர் போரில் பங்கேற்றார். 1910-ல் பிரெஸ்டன் தொகுதி எம்.பி. ஆனார். 1922 தேர்தலில் தோற்றாலும், 1924-ல் வேறு தொகுதியில் ஜெயித்து மீண்டும் நாடாளுமன்றம் போனார்.

1929 நவம்பரில் மெட்ராஸ் மாகாண கவர்னராக வந்து இறங்கினார். 1934-ல் வைஸ்ராய் வில்லிங்டன் விடுப்பில் போனபோது, சில மாதங்கள் இந்தியாவுக்கே தற்காலிக வைஸ்ராயாகவும் இருந்தார்.

அணையைக் கட்டியது அவரா?

இல்லை. அவர் வரும்போது வேலை பாதி வழியில் இருந்தது. 1924-ல் மெட்ராஸ், மைசூர் இடையே காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே கவர்னர் கோஷன் காலத்தில் பணி தொடங்கியது. திட்டத்தை வகுத்ததில் முக்கியமானவர் பொறியாளர் கர்னல் எல்லிஸ். பல ஆயிரம் தொழிலாளர்கள் கல் சுமந்தார்கள். 1934 ஆகஸ்ட் 21-ல் அணையைத் திறந்து வைத்தவர் ஸ்டான்லி. பெயர் அவருக்குப் போனது, அவ்வளவுதான்!

தண்ணீருக்கு அடியில் போன ஊர்களின் பெயரோ எந்தக் கல்வெட்டிலும் பெரிதாக இல்லை. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். ஊரை விட்டுப் போனவர்களுக்கு மிச்சம் இருக்கும் அடையாளம் அதுதான்.

120 அடி என்றால் என்ன?

அணையின் மொத்த உயரம் 214 அடி. செய்தியில் வரும் 120 அடி என்பது முழுக் கொள்ளளவுக்கான நீர்மட்டம். அப்போது 93.47 டி.எம்.சி. தண்ணீர் இருக்கும். 1937-ல் இங்கே மின் உற்பத்தி தொடங்கியது. இன்று அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட் திறன் கொண்டவை. கிழக்கு, மேற்குக் கால்வாய்கள் வழியாக சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது.

90 வயதைத் தாண்டிய அணை தாங்குமா?

இது தன் எடையாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்கும் வகை அணை. வயது மட்டுமே இதற்கு ஆபத்து இல்லை. கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, அடித்தளத்திலும் சுவரிலும் கசிவு. அது திடீரெனக் கூடினாலோ, கலங்கி வந்தாலோ எச்சரிக்கை. இரண்டு, வெள்ளம். அதற்காகவே பிரதான அணைக்கு வெளியே தனியாக 16 கண் மதகு இருக்கிறது, எல்லிஸ் பெயரில். 2018-ல் நொடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்த தண்ணீரையும் அணை சமாளித்தது. அவசரத்தில் ஷட்டர் ஏறாமல் நின்றால்தான் சிக்கல். மூன்று, வண்டல். அது சுவரை உடனே உடைக்காது, ஆனால் கொள்ளளவைத் தின்னும். இங்கே தூர்வாரும் பணி தொடங்கியதே 2017-ல்தான்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பெரிய அணைகளை ஆய்வு செய்தே ஆக வேண்டும்.

1934 நவம்பரில் ஸ்டான்லி பதவி முடிந்து ஊர் திரும்பினார். 1938 ஜூலை 1-ல், 65 வயதில் இறந்தார். அவர் திறந்து வைத்தது ஒருநாள் விழா. ஷட்டருக்கு கிரீஸ் போடுவதும், கசிவை அளந்து எழுதி வைப்பதும் தினசரி வேலை. அணையின் ஆயுள் அந்த வேலையில்தான் இருக்கிறது.