ஜாதவ்பூர் தையல் இயந்திரம் முதல் டொயோட்டா, ஹோண்டா வரை: லாலா ஸ்ரீராம் கடந்து வந்த பாதை

ஜாதவ்பூர் (கொல்கத்தா): தெற்கு கொல்கத்தாவில் ஜாதவ்பூரிலிருந்து டோலிகஞ்ச் நோக்கிச் செல்லும் பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில், வானளாவிய நான்கு குடியிருப்புக் கோபுரங்களும் அவற்றையொட்டி சவுத் சிட்டி வணிக வளாகமும் எழுந்து நிற்கின்றன. 2008-ம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட இந்த வளாகத்திற்கு வருவோரில் பலருக்கு, கால் பதித்திருக்கும் நிலம் ஒரு காலத்தில் இந்தியாவெங்கும் அறியப்பட்ட தொழிற்சாலையாக இருந்தது தெரியாது. உஷா தையல் இயந்திரம் இங்குதான் உருவானது. அதை வளர்த்தெடுத்தவர் டெல்லியைச் சேர்ந்த தொழிலதிபர் லாலா ஸ்ரீராம். அவர் மறைந்து 20 ஆண்டுகளுக்குப் பின், ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் இந்தியாவில் வாகனம் தயாரிக்கக் கைகோத்ததும், பின்னர் ஹோண்டா கார்கள் இந்தியச் சாலைகளுக்கு வந்ததும் அவர் குடும்பத்தின் நிறுவனங்கள் வழியாகத்தான்.

சாலையின் பெயரிலும் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு வரலாறு உண்டு. 1806-ம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின், அங்கு சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தாரை ஆங்கிலேயர் கல்கத்தாவுக்கு அனுப்பினர். டோலிகஞ்ச் பகுதியில் குடியேறிய அந்த மரபில் வந்த இளவரசர் ஒருவரின் பெயரையே இச்சாலை தாங்கி நிற்கிறது.

லாலா ஸ்ரீராம் 1884-ம் ஆண்டு ஏப்ரல் 27-ம் தேதி டெல்லியில் பிறந்தார். பனியா சமூகத்தைச் சேர்ந்த அவரது குடும்பம் பெருஞ்செல்வம் படைத்தது அன்று. 1889-ல் தொடங்கப்பட்ட டெல்லி கிளாத் மில்ஸ் என்ற துணி ஆலையின் நிர்வாகத்தில் அவரது பெரியதந்தை முறையினரான கோபால் ராய் இருந்தார். தந்தை மதன் மோகன் லாலும் அதே ஆலையில் பணியாற்றினார். 1909-ல் ஸ்ரீராம் அந்த ஆலையில் சேர்ந்தபோது, அது ஒரு நடுத்தர ஆலை மட்டுமே. முதல் உலகப் போர் அதன் நிலையை மாற்றியது. ராணுவத்துக்குக் கூடாரங்கள் தைத்துத் தரும் ஒப்பந்தம் கிடைத்தது. அதில் ஈட்டிய பணத்தைக் கொண்டு ஆலையின் பங்குகளைச் சிறிது சிறிதாக வாங்கிய ஸ்ரீராம், ஊழியர் என்ற நிலையிலிருந்து ஆலையை நடத்துபவர் என்ற நிலைக்கு உயர்ந்தார்.

அடுத்த 20 ஆண்டுகளில் டிசிஎம் என்ற மூன்றெழுத்து வட இந்தியாவின் வீடுகளுக்குள் சென்றது. தௌராலாவில் சர்க்கரை ஆலை, லயால்பூரில் துணி ஆலை, டெல்லியில் ரசாயன ஆலை என நிறுவனம் விரிந்தது. 1930-ல் இந்திய வர்த்தக, தொழிற்சங்கங்களின் கூட்டமைப்புக்கு அவர் தலைவரானார். ஆங்கிலேய அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது.

துணியில் வேரூன்றிய இந்தக் குடும்பம் இயந்திரத் தொழிலுக்கு வந்தது ஜாதவ்பூர் பக்கம் இருந்துதான். பிஷன் தாஸ் பேசில் என்பவர் 1930-களின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் வொர்க்ஸ் என்ற சிறு பட்டறையைத் தொடங்கி, இந்தியாவிலேயே தையல் இயந்திரம் செய்ய முயன்றார். இயந்திரத்துக்குத் தன் மகளின் பெயரான உஷா என்பதைச் சூட்டினார். அக்காலத்தில் தையல் இயந்திரம் என்றாலே அமெரிக்காவின் சிங்கர்தான். அதன் விற்பனையாளர்களும் தவணைத் திட்டமும் எட்டாத ஊர் குறைவு. பேசிலிடம் திறமை இருந்தது, முதலீடு இல்லை. 1938-ல் அந்தப் பட்டறையை ஸ்ரீராம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

கணக்குப் பார்த்த ஒரு வணிகர் இதைச் செய்திருக்க மாட்டார். துணி விற்றாலே லாபம் வந்த காலம் அது. தையல் இயந்திரமோ நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பாகங்களின் கூட்டு. வார்ப்பிரும்பு உடல், ஊசித் தண்டு, ஓடம், பாபின், பற்சக்கரம் ஆகிய ஒவ்வொன்றும் மிகத் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். ஓர் இயந்திரத்தில் கழற்றிய பாகம் மற்றோர் இயந்திரத்தில் அப்படியே பொருந்தாவிட்டால், அது தொழிற்சாலைப் பொருள் ஆகாது. கொல்லன் செய்த தனிப்பொருளாகவே நிற்கும். இந்தத் துல்லியத்தைத் தரும் உருக்கும், அளவுகருவியும், பழகிய கைகளும் அன்றைய இந்தியாவில் அரிது. ஒவ்வொரு பாகமாக உள்நாட்டிலேயே செய்யக் கற்றுக்கொள்வது என்ற நீண்ட வழியை ஜெய் இன்ஜினியரிங் தேர்ந்தெடுத்தது.

தறியிலிருந்து கார்

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், ஜப்பானின் நகோயாவுக்கு அருகே இதே போன்ற ஒரு குடும்பம் வேறொரு திசையில் சென்றுகொண்டிருந்தது. தச்சரின் மகனான சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தானியங்கித் தறியை 1924-ல் நிறைவு செய்தார். அதன் காப்புரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1 லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. அவர் மகன் கிச்சிரோ டொயோடாவுக்குத் தறியைவிட மோட்டார் வாகனத்தில் ஈடுபாடு அதிகம். 1933-ல் தறித் தொழிற்சாலையிலேயே வாகனப் பிரிவு தொடங்கப்பட்டது. 1936-ல் முதல் கார் விற்பனைக்கு வந்தது. 1937-ல் டொயோட்டா தனி நிறுவனமானது. சுசூகியும் ஹமமட்சு நகரில் தறி செய்தே தொடங்கிய நிறுவனம்.

தரம் என்றாலே டொயோட்டா என்று இன்று சொல்லப்பட்டாலும், அதன் தொடக்கம் அப்படி இருக்கவில்லை. முதல் லாரிகள் வழியில் அடிக்கடி பழுதாகி நின்றன. 1950-ல் பணம் வற்றி, ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அடுத்த சில வாரங்களில் வெடித்த கொரியப் போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்ட லாரிகள்தான் நிறுவனத்தைக் காப்பாற்றின. 1952-ல் கிச்சிரோ மறைந்தார். 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கிரவுன் கார், அங்குள்ள நெடுஞ்சாலை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திரும்பப் பெறப்பட்டது. தவறிய பாகத்தைத் தேடிச் சென்று திருத்தும் பழக்கம், தறியில் நூல் அறுந்தால் ஓட்டத்தை நிறுத்தும் அதே எண்ணம், பல ஆண்டுகள் தொடர்ந்ததன் விளைவே அதன் பிற்காலப் புகழ்.

ஸ்ரீராமின் ஆலை கார் செய்யவில்லை. தையல் இயந்திரத்தை அடுத்து அது மின்விசிறிக்குச் சென்றது. விடுதலைக்குப் பின் இறக்குமதிக்கு அரசு விதித்த கட்டுப்பாடுகள் சிங்கரின் வழியை அடைத்து உஷாவுக்குக் கதவைத் திறந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பாதுகாப்பு கிடைத்த எல்லா இந்தியத் தொழில்களும் வளர்ந்துவிடவில்லை. உஷா வளர்ந்தது, வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியானது, இலங்கையிலும் அதற்கு ஓர் ஆலை அமைந்தது. தமிழ்நாட்டிலும் மணமகளுக்குச் சீராக வந்த தையல் இயந்திரங்களிலும், தெருமுனைத் தையல் கடைகளிலும் அப்பெயர் பழகிப்போனது.

ஆலையைச் சுற்றியிருந்த ஊரும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1947 பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் ஜாதவ்பூரைச் சுற்றியிருந்த வெற்று நிலங்களிலும், போர்க்கால ராணுவக் கொட்டகைகளிலும் குடியேறினர். பிஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் ஆகிய குடியிருப்புகள் அப்படித் தோன்றியவை. நிலமும் வீடும் இழந்து வந்தவர்களுக்கு மாதச் சம்பளம் என்பது மறுவாழ்வின் முதல் படி. உஷா, பெங்கால் லேம்ப், சுலேகா மை, கிருஷ்ணா கண்ணாடி ஆகிய ஆலைகள் அந்தப் பகுதியின் பிழைப்பாக இருந்தன. அருகிலேயே, சுதேசி இயக்கத்தில் பிறந்த தொழில்நுட்பக் கல்லூரி 1955-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பொறியியல் கற்பிக்கும் இடமும் பொறி செய்யும் இடமும் நடந்து செல்லும் தொலைவில் அமைவது இந்தியாவில் அரிதான ஒன்று.

அதே பிரிவினை ஸ்ரீராமையும் தாக்கியது. லயால்பூர் ஆலை பாகிஸ்தானுக்குள் சென்றது. விடுதலைக்குப் பின் புதிதாக அமைந்த இந்தியத் தொழில் நிதிக் கழகத்துக்கு 1948-ல் அவர் முதல் தலைவரானார். கடன் கொடுப்பதில் இயக்குநர்களோடு தொடர்புடைய நிறுவனங்களுக்குச் சலுகை காட்டப்படுவதாக நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு எழுந்தது. அதை ஆராய சுசேதா கிருபளானி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. தொழிலதிபரிடமே தொழிற்கடன் வழங்கும் பொறுப்பைக் கொடுப்பதில் உள்ள சிக்கல் அது. அவரது பொது வாழ்வில் எளிதில் கடந்துபோக முடியாத பகுதியும் அதுவே.

கல்விக்கு அவர் அளித்தவை இன்றும் கண்முன் நிற்கின்றன. டெல்லியில் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, மனைவி பூலன் தேவியின் நினைவாக 1956-ல் தொடங்கிய லேடி ஸ்ரீராம் மகளிர் கல்லூரி, தொழில் ஆராய்ச்சிக்கான ஸ்ரீராம் நிறுவனம் ஆகியவை அவர் ஏற்படுத்தியவை. குறிப்பாக, ஆலை முதலாளி ஒருவர் தொழில் ஆராய்ச்சிக்கென்று தனி நிறுவனம் அமைத்தது அக்காலத்தில் புதுமை. 1963-ம் ஆண்டு ஜனவரி 11-ம் தேதி, 78-வது வயதில் அவர் காலமானார்.

முற்றுகையும் தீர்ப்பும்

அவர் மறைந்த நான்காம் ஆண்டிலேயே ஜெய் இன்ஜினியரிங்கின் பெயர் சட்டப் புத்தகங்களில் ஏறியது. 1967 மார்ச்சில் மேற்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. நிர்வாகிகளைச் சூழ்ந்து நின்று வெளியேற விடாமல் தடுக்கும் கெராவ் போராட்டம் ஆலைகள்தோறும் பரவியது. தொழிலாளர் துறை அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லாமல் காவல் துறை இதில் தலையிடக் கூடாது என்ற பொருளில் மாநில அரசு சுற்றறிக்கைகள் அனுப்பியது. அவற்றை எதிர்த்து ஜெய் இன்ஜினியரிங் கல்கத்தா உயர் நீதிமன்றம் சென்றது. குற்றச்செயல்களோடு நடக்கும் கெராவுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை எனக் கூறிய நீதிமன்றம், அந்தச் சுற்றறிக்கைகளை அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்தது.

நிர்வாகம் வழக்கில் வென்றது. ஆனால் தொழிலாளரும் நிர்வாகமும் ஒருவரையொருவர் நம்பும் நிலை தீர்ப்பால் வந்துவிடாது. டொயோட்டாவில் 1950 வேலைநிறுத்தத்துக்குப் பின், 1962-ல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டன. ஜாதவ்பூரில் அப்படியோர் உடன்பாடு அமையவில்லை. கல்கத்தாவின் பொறியியல் ஆலைகள் பலவற்றோடு உஷாவும் படிப்படியாகத் தளர்ந்தது. மின்வெட்டு, குறைந்த ஆர்டர்கள், புதிய முதலீடு வட இந்தியாவுக்குச் சென்றது எனக் காரணங்கள் பல. சங்கத்தை மட்டுமோ முதலாளியை மட்டுமோ குறை சொல்வோர் பாதிக் கதையையே சொல்கின்றனர்.

1983-ல் டிசிஎம் குழுமம் டொயோட்டாவுடன் கூட்டு ஒப்பந்தம் செய்து, உத்தரப் பிரதேசத்தின் சூரஜ்பூரில் டிசிஎம் டொயோட்டா ஆலையை அமைத்தது. அதே ஆண்டில்தான் லண்டன் தொழிலதிபர் ஸ்வராஜ் பால், டிசிஎம் பங்குகளைச் சந்தையில் வாங்கிக் குவித்துக் குடும்பத்தைக் கலங்கடித்தார். புதிய ஆலையிலிருந்து டைனா என்ற இலகு ரக லாரி வந்தது. நிசான், மிட்சுபிஷி, மஸ்தா ஆகியவையும் வேறு இந்திய நிறுவனங்களுடன் சேர்ந்து இதே களத்தில் இறங்கின. வண்டி நன்றாக இருந்தது. விலைதான் காலை வாரியது. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து நாடுகள் செய்துகொண்ட நாணய உடன்பாட்டுக்குப் பின், யென் மதிப்பு மூன்றாண்டுகளுக்குள் டாலருக்கு எதிராக ஏறத்தாழ இரு மடங்கானது. ஜப்பானிலிருந்து வந்த பாகங்களின் விலை ஏறியது. 1986-ல் டாடா நிறுவனம் உள்நாட்டிலேயே வடிவமைத்த 407 லாரியைக் குறைந்த விலையில் இறக்கியது. ஜாதவ்பூரில் ஒவ்வொரு பாகமாகச் செய்து பழகிய குடும்பம், சூரஜ்பூரில் பெட்டியில் வந்த பாகங்களை நம்பி நின்றது.

1994-ல் டொயோட்டாவின் இடத்தைத் தென்கொரியாவின் டேவூ எடுத்துக்கொண்டது. சீலோ கார் வந்தது. சில ஆண்டுகளில் டேவூவே திவாலானது. டொயோட்டா 1997-ல் கிர்லோஸ்கர் குழுமத்துடன் சேர்ந்து கர்நாடகத்தின் பிடதியில் மீண்டும் தொடங்கி, குவாலிஸ் மூலம் இந்தியாவில் தன் பெயரை நிலைநாட்டியது. இதற்கிடையே, 1990-ல் டிசிஎம் குழுமம் குடும்பத்துக்குள் நான்காகப் பிரிந்திருந்தது. அதில் ஒரு பிரிவை நடத்திய பேரன் சித்தார்த் ஸ்ரீராம், 1995-ல் ஹோண்டாவுடன் இணைந்து ஹோண்டா சீல் நிறுவனத்தை அமைத்தார். கிரேட்டர் நொய்டாவில் தயாரான ஹோண்டா சிட்டி 1998-ல் சந்தைக்கு வந்து, நடுத்தர வர்க்கத்தின் கனவுக் காராக நெடுங்காலம் விளங்கியது. சீல் என்ற சொல் ஸ்ரீராம் என்ற பெயரின் கடைசித் தடமாக அதில் இருந்தது. 2012-ல் எஞ்சிய பங்குகளையும் ஹோண்டா வாங்கியதும் அதுவும் நீங்கியது. 2020 டிசம்பரில் கிரேட்டர் நொய்டா ஆலையில் கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

உஷா என்ற பெயர் மட்டும் தையல் இயந்திரங்களிலும் மின்விசிறிகளிலும் தொடர்கிறது. ஜாதவ்பூரில் மூடப்பட்ட ஆலைகளின் பெயர்கள் சில பேருந்து நிறுத்தங்களாக மிஞ்சியுள்ளன. சுலேகா அவற்றில் ஒன்று. உஷா ஆலை நின்ற இடத்தை இன்று நகரவாசிகள் சவுத் சிட்டி என்றே அழைக்கின்றனர்.