உழவரின் சிறகுத் துணையை உணர்த்திய சலீம் அலி

நெசவாலும் கோயில்களாலும் புகழ்பெற்ற காஞ்சி மாநகரைச் சூழ்ந்து கிடப்பவை ஏரிப்பாசன நெல்வயல்கள். ஆவணி, புரட்டாசித் திங்கள்களில் இவ்வயல்களில் உழவர்க்கு ஓய்வில்லை. ஒருபுறம் சொர்ணவாரிக் கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும். மறுபுறம் சம்பா நடவு நடைபெறும். வரப்பைச் செதுக்குதல், எலிவளைகளை அடைத்தல், களை பறித்தல் எனப் பணிகள் அடுக்கி வரும். பால்பிடித்த மணியை உறிஞ்சும் கதிர்நாவாய்ப் பூச்சிக்குத் தப்பிய நெல்லை எலி வெட்டும். உழைப்பின் பயன் கைக்கு வரும் வேளையில் நேரும் இழப்பு இது. ஆதலின் உழவர் விரைந்து நஞ்சை நாடுகின்றனர். அதற்குமுன் வயலுக்கு வரும் பறவைகளை உற்றுநோக்கக் கற்பித்த பேரறிஞர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே டாக்டர் சலீம் அலி.

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி வளர்த்தார். சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அது யாதெனும் ஐயம் எழ, மாமன் வழிகாட்ட, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை அடைந்தார். அங்குச் செயலாளர் மில்லார்டு காட்டிய பறவைத் தொகுப்பு அவர்தம் வாழ்க்கைப் பாதையை வகுத்தது.

பின்னர் ஜெர்மனி சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மனிடம் பறவையியல் பயின்றார். 1930இல் தாயகம் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பணி நிதியின்மையால் இல்லாதொழிந்தது. வேலையற்ற அவர் மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார். அங்கேதான் தூக்கணாங்குருவிகளின் வாழ்வை நாள்தோறும் கவனித்து எழுதினார். ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னி முடித்ததும் பெண் குருவி வந்து பார்க்கும். அது ஏற்றுக்கொண்டால்தான் கூடு நிறைவுறும். பின் ஆண் குருவி அடுத்த கூட்டைத் தொடங்கும். இந்த நெசவு நுட்பத்தை உலகறியச் செய்தது அவ்வாராய்ச்சி. வறுமை அவருக்கு வாய்ப்பாயிற்று.

தூக்கணாங்குருவி முற்றிய தானியத்தை உண்பது உண்மை. ஆயினும் தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே பெரிதும் ஊட்டுகிறது. ஒரு பருவத்தில் பகையாகத் தோன்றுவது மறுபருவத்தில் நட்பாகிறது. எனவே ஒரு பறவை உண்பதை ஆண்டு முழுவதும் ஆராய்ந்த பின்னரே அதன் நன்மை தீமையைக் கணிக்கவேண்டும் என்பது சலீம் அலியின் உறுதியான கொள்கை. உழவோடு தொடர்புடைய பறவை ஆராய்ச்சி நாட்டில் வளரவேண்டுமென அவர் வலியுறுத்தினார்.

இக்கணக்கை நம் வயலிலும் காணலாம். ஏரின் பின்னே உண்ணிக்கொக்கும் மைனாவும் புழுக்களைப் பொறுக்கும். வயலில் நட்ட குறுக்குக் கட்டைக் கோலில் கரிச்சான் அமர்ந்து பூச்சிகளைப் பிடிக்கும். கூகை இரவில் எலிகளை வேட்டையாடும். மணி முற்றத் தொடங்கியதும் அக்கோலைப் பிடுங்கிவிடுவது முறை. இல்லையேல் தானியம் தின்னும் குருவிகளுக்கு அது இருக்கையாகும். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் மக்கள் இவ்வுறவை நெடுங்காலமாக உணர்ந்தவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாதல் கண்டு, வேட்டையைத் தடுத்தனர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்தம் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார்.

1939இல் மனைவியை இழந்த துயரிலும் சலீம் அலி பணியைக் கைவிடவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளியாயின. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகள் அவரை அடைந்தன. பன்னாட்டுப் பரிசாக வந்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்புக்கே அளித்தார். 1987 ஜூன் 20ஆம் நாள் மறைந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் அமைந்த ஆய்வு மையம் தமிழகத்தில் அவர் புகழை நிலைநிறுத்துகிறது.

நபி சுலைமான் (அலை) அவர்களுக்குச் செய்தி கொணர்ந்தது ஹுத்ஹுத் பறவை என்பதை நாம் அறிவோம். நமது கொண்டலாத்தியே அது. மண்ணைக் கிளறிப் புழுக்களை உண்டு உழவர்க்கு உதவுவதும் அதுவே. சிறு உயிரின் பணியையும் சிறிதெனக் கருதாத பார்வையே சலீம் அலி நமக்கு விட்டுச்சென்ற செல்வம். உழவர் குடியில் பிறந்து கல்லூரி வந்துள்ள மாணவர்கள், அடுத்த விடுமுறையில் தம் வயல் வரப்பில் ஒரு காலைப்பொழுது அமைதியாக நின்று, எப்பறவை எதை உண்கிறது எனக் குறித்து வருவார்களாக. நஞ்சு தெளிப்பதா வேண்டாவா என்னும் முடிவு அதன்பின் எடுக்கப்படட்டும்.