கொல்லன் மகன் வரைந்த படம்

ஆங்கிலேயரிடையே ஸ்மித் என்பது எங்கும் காணக் கிடைக்கும் குடும்பப் பெயர். கொல்லர் என்பது அதன் பொருள். நம் கல்லூரி நூலகத்துப் பழைய நூல்களில் வெறும் ஸ்மித் என்று பலர் வருவதால், யார் எவர் என்று எனக்குக் குழப்பமாகவே இருந்தது. நிலவியல் நூல்கள் மட்டும் ஒருவரை 'ஸ்டிராட்டா ஸ்மித்', அதாவது பாறையடுக்கு ஸ்மித், என்று தனித்துக் குறிக்கின்றன. அவர்தாம் வில்லியம் ஸ்மித். பெயருக்கேற்ப ஒரு கொல்லரின் மகன்.

1769-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் சர்ச்சில் என்னும் சிற்றூரில் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்து, தந்தையின் சகோதரர் வீட்டில் வளர்ந்தார். அவ்வூரார் வெண்ணெய் நிறுக்க எடைக்கல்லாகப் பயன்படுத்தியவை கல்லாகிப் போன கடல் உயிரினங்கள். பிள்ளைகளுக்குக் கோலிக்குண்டுகளும் அத்தகைய கற்களே. கல்லூரி வாசலை மிதிக்காத அவர், 18-ஆம் வயதில் நில அளவையாளர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

சாமர்செட் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கியபோது, பாறையடுக்குகள் எங்கும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதைக் கண்டார். பின்னர் அங்கே கால்வாய் வெட்டும் பணி கிடைத்தது. பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும் இரு அடுக்குகளை எப்படிப் பிரித்தறிவது? ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய தொல்லுயிர்ப் படிவங்கள் உண்டு. அவற்றைக் கொண்டு அடுக்கை அடையாளம் காணலாம் என்று கண்டறிந்தார். இன்றும் எங்கள் வகுப்பில் முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

1799-இல் அந்த வேலை பறிபோயிற்று. ஆயினும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மைல்கள் அலைந்து செய்திகளைத் திரட்டினார். 1815-இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நிலவியல் படத்தை வெளியிட்டார். 15 தாள்களைக் கொண்ட, கையால் வண்ணம் தீட்டிய, எட்டடிக்கும் மேல் உயரமான படம் அது. ஒரு நாடு முழுவதற்கும் தனி ஒருவர் உழைப்பில் இத்தகைய படம் அதற்கு முன் வந்ததில்லை.

ஆனால் 1807-இல் செல்வந்தர்கள் கூடித் தொடங்கிய லண்டன் நிலவியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1820-இல் அவர்களே போட்டியாக ஒரு படம் வெளியிட்டனர். அதற்குள் ஸ்மித் கடனில் மூழ்கி, அரிதில் சேர்த்த படிவங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். 1819-இல் கடனாளிச் சிறையிலும் சில வாரங்கள் கிடந்தார். விடுதலையாகி வந்தபோது வீடும் அவருடையதாக இல்லை.

அதே கழகம் 1831-இல் தன் முதல் வுல்லஸ்டன் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அதன் தலைவர் ஆடம் செட்ஜ்விக், ஸ்மித்தை ஆங்கில நிலவியலின் தந்தை எனப் போற்றினார். 1839-இல் ஸ்மித் மறைந்தார். அவர் வளர்த்த சகோதரி மகன் ஜான் பிலிப்ஸ் பின்னாளில் ஆக்ஸ்போர்டில் நிலவியல் பேராசிரியர் ஆனார்.

இவர் வரலாற்றை நான் எழுதக் காரணம் உண்டு. என் ஊர் அரியலூர்ப் பக்கம். என் தந்தை சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருவனே. முதலாண்டில் தந்தையின் தொழிலைக் கேட்டால், கூலி என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

எங்கள் பகுதிப் பாறைகளை ஹென்றி பிளான்போர்டு 1862-இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதற்கும் படிவங்களே துணை. பொங்கல் விடுமுறையில் அதைத் தந்தையிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, குழிக்கு அழைத்துச் சென்றார். எந்த அடுக்கில் சிப்பி வரும், எதில் நத்தை போன்ற சுருள் கல் வரும், எது வந்தால் நல்ல சுண்ணாம்பு முடிந்துவிட்டது என்றெல்லாம் வரிசையாகக் காட்டினார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

இப்போது யாரேனும் கேட்டால், என் தந்தை கல் வெட்டுபவர் என்று சொல்கிறேன். நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டாரின் தொழிலையும் ஒருமுறை கேட்டு வாருங்கள். நம் பாடத்தின் ஒரு பகுதி அங்கேயும் இருக்கக்கூடும்.